கரப்பானுக்குக் களிம்பு: எந்த டியூப், எத்தனை விரல்நுனி, எத்தனை நாள்

"அரிப்புக்கு ஒரு டியூப் குடுங்கண்ணா." தர்மபுரி பஸ் ஸ்டாண்டைச் சுற்றியுள்ள மெடிக்கலிலும் சரி, பாலக்கோடு, காவேரிப்பட்டணம், ஊத்தங்கரை கடைத்தெருவிலும் சரி, தினமும் காதில் விழுகிற பேச்சு இது. எங்கே அரிக்கிறது, எத்தனை நாளாக, யாருக்கு என்று பல கடைகளில் கேட்பதில்லை. கைக்கு வருவது பல நேரம் ஸ்டீராய்டும் சேர்த்து மூன்று நான்கு மருந்து கலந்த கூட்டுக் களிம்பு. தடவிய மறுநாளே நமைச்சல் அடங்கிவிடும், கைகண்ட மருந்து என்று பெயரும் எடுத்துவிடும். பிறகு அதே டியூப் அக்கா வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் போகும். இரண்டு மூன்று மாதம் கழித்து முகத்தில் சிவப்பு நரம்பு தெரிகிறது, தொடையிடுக்கில் தோல் கோடு கோடாக வெடிக்கிறது என்று வரும்போது, அந்த டியூப்பில் என்ன இருந்தது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது.

இதற்கு நேர் எதிர் ரகமும் உண்டு. "ஸ்டீராய்டா? வேண்டவே வேண்டாம்" என்று பயந்து, டாக்டர் எழுதிய களிம்பைக் கடுகளவு தொட்டு வைத்து, ஆறு மாதம் சொறிந்து சொறிந்து தோலைத் தடிக்க வைத்துக்கொள்பவர்கள். ஸ்டீராய்டு என்பது தோலின் அழற்சியை அடக்குகிற மருந்து, கரப்பானுக்கு அந்தக் களிம்பு நல்ல மருந்துதான். சரியான வலு, சரியான அளவு, சரியான நாள் கணக்கு, மூன்றும் சேர்ந்தால் தோலுக்குப் பெரிய கேடு எதுவும் வராது. இந்த மூன்றையும்தான் கீழே ஒவ்வொன்றாகப் பார்க்கப்போகிறோம்.

முதலில், இது கரப்பான்தானா?

எக்ஸிமா என்று டாக்டர்கள் சொல்வதைத்தான் நம் பக்கம் கரப்பான் என்கிறோம். தோல் வறண்டு, சொரசொரத்து, அரிக்கும். புதிதாக வந்தது பொடிப்பொடியாகக் கொப்புளித்து நீர் கசியும். பழையது யானைத்தோல் போலத் தடித்துக் கறுக்கும். குழந்தைக்குக் கன்னத்திலும், கொஞ்சம் வளர்ந்தவர்களுக்கு முழங்கை, முழங்கால் மடிப்பிலும், வேலை செய்பவர்களுக்குக் கையிலும் காலிலும் வரும். புத்தகங்களில் "சிவந்து காணப்படும்" என்று எழுதியிருப்பதை நம்பி நம் நிறத்துத் தோலில் சிவப்பைத் தேடினால் கிடைக்காது. கருஞ்சிவப்பாக, சாம்பல் பூத்த மாதிரி, அல்லது சுற்றியுள்ள தோலைவிடக் கறுப்பாகத்தான் தெரியும். கண்ணைவிட விரல் நன்றாகச் சொல்லும். தடவிப் பாருங்கள், சொரசொரப்பு தட்டுப்படும்.

குழப்பிக்கொள்ளக் கூடாத இரண்டு நோய்கள் உண்டு. ஒன்று படர்தாமரை. வட்டமாகப் பரவும், விளிம்பு மேடாக அரிக்கும், நடுவில் தோல் தெளிந்திருக்கும். இடுப்பு, தொடையிடுக்கு, அக்குள் அதற்குப் பிடித்த இடங்கள். இது பூஞ்சை. இதன்மேல் ஸ்டீராய்டு தடவினால் அரிப்பு அடங்கும், பூஞ்சையோ உள்ளே சுகமாக வளரும். வட்டம் கலைந்து, விளிம்பு மறைந்து, கடைசியில் தோல் டாக்டருக்கே அடையாளம் காணச் சிரமமாகும் அளவுக்கு உருமாறிவிடும். ஊரெங்கும் "எந்த மருந்துக்கும் கேட்காத படை" என்று புலம்புவதில் பாதிக் கதை இங்கேதான் தொடங்குகிறது.

இன்னொன்று சிரங்கு. ராத்திரி படுத்ததும் அரிப்பு உச்சத்துக்குப் போகும். விரலிடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி, ஆண்களுக்குப் பிறப்புறுப்பில் பொடிப்பொடியாக இருக்கும். வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே சமயத்தில் அரிக்கிறது என்றால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். இதற்கு மருந்தே வேறு. பெர்மெத்ரின் 5 சதவீதக் க்ரீமைக் கழுத்திலிருந்து பாதம்வரை பூசி, 8 முதல் 14 மணி நேரம் வைத்துக் குளித்து, ஒரு வாரம் கழித்து மறுபடி ஒருமுறை பூச வேண்டும். அரிக்காதவர் உட்பட வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் பூச வேண்டும். கைக்குழந்தை, கர்ப்பிணி இருந்தால் டாக்டரிடம் கேட்டுவிட்டு.

டியூப்பைப் படிப்பது

கடைக்காரர் கொடுத்த டியூப்பின் முன்பக்கம் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதை விட்டுவிடுங்கள். அதன் கீழே அல்லது பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயர்தான் வேண்டும். எழுத்து தெரியவில்லையென்றால் போனில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் பாருங்கள், அல்லது வீட்டில் படிக்கிற பிள்ளையிடம் கொடுங்கள்.

ஹைட்ரோகார்ட்டிசோன், டெசோனைடு என்றிருந்தால் மென்மையானது. க்ளோபெட்டசோன் அதற்குச் சற்று மேலே. ஃப்ளூட்டிகசோன், மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன் எல்லாம் நடுத்தரத்திலிருந்து வலுவானது வரை. க்ளோபெட்டசால், ஹாலோபெட்டசால் என்றால் உச்ச வலு. இங்கே ஒரு பொறி இருக்கிறது. க்ளோபெட்டசோன், க்ளோபெட்டசால், இரண்டுக்கும் கடைசி ஓரிரு எழுத்தில்தான் வித்தியாசம். முன்னது ஓரளவு மென்மை, பின்னது இருப்பதிலேயே கடுமை. போனில் சொல்லி வாங்கிவரச் சொன்னால் மாறிப்போக நிறைய வாய்ப்பு. சீட்டைக் காட்டித்தான் வாங்க வேண்டும். க்ளோட்ரிமசோல், கீட்டோகோனசோல், லூலிகோனசோல் என்பவை பூஞ்சை மருந்துகள், ஸ்டீராய்டு இல்லை.

அடுத்த பொறி சதவீதம். "1 சதவீதம்னா ஸ்ட்ராங், 0.05னா லேசு" என்று நினைப்பது சகஜம். உண்மை தலைகீழ். ஹைட்ரோகார்ட்டிசோன் 1 சதவீதம் இருப்பதிலேயே மென்மையான வகை, க்ளோபெட்டசால் 0.05 சதவீதம் இருப்பதிலேயே கடுமையானது. வெவ்வேறு மருந்துகளின் சதவீதத்தை ஒப்பிடுவது உளுந்து ஒரு படியையும் மிளகாய்த்தூள் ஒரு படியையும் ஒப்பிடுகிற மாதிரி.

ஒரே டியூப்பில் ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றும் எழுதியிருந்தால் டாக்டர் சீட்டு இல்லாமல் தொடாதீர்கள். எந்த நோய்க்கும் சரிப்படும் என்று கலந்து வைத்த கலவை அது. அதில் அடிக்கடி இருக்கும் நியோமைசின் பலருக்கு அலர்ஜியாகி, புதிதாக ஒரு கரப்பானை உண்டாக்கும். மருந்து போட்ட இடம் மட்டும் எல்லை கட்டின மாதிரி மோசமானால் அதைச் சந்தேகியுங்கள். முகம் வெளுக்க என்று விற்கிற மொமெட்டசோன், ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின் கலவையும் இதே வகைதான். அதைக் கரப்பானுக்கோ, நிறத்துக்கோ தடவ வேண்டியதில்லை.

டியூப்பின் ஓரத்தில் நெடுகச் சிவப்புக் கோடு இருந்தால் அது சீட்டு இருந்தால்தான் விற்கவேண்டிய மருந்து. 2018-ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டுத் தோல் மருந்துகளை இந்தக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. கடையில் சுலபமாகக் கிடைக்கிறது என்பதால் கோட்டுக்கு அர்த்தம் இல்லாமல் போய்விடாது.

ஆயின்மென்ட், க்ரீம், லோஷன்

நாம் எல்லாவற்றையும் ஆயின்மென்ட் என்றே சொல்கிறோம், கடையில் வாங்கும்போது அது உதவாது. ஆயின்மென்ட் என்பது வாஸ்லின் மாதிரி பிசுபிசுப்பானது. வறண்டு வெடித்த, தடித்த தோலுக்கு அதுதான் நல்லது. ஒரே மருந்தாக இருந்தாலும் ஆயின்மென்டாகப் போட்டால் உள்ளே நன்றாக இறங்கும். நீர் கசிகிற இடம், மடிப்பு, முகம், வியர்க்கிற வெயில் காலம் என்றால் க்ரீம். தலைமுடிக்குள் லோஷன். கசிகிற புண்ணில் ஆயின்மென்ட் பூசினால் வழுக்கிக்கொண்டு நிற்குமே தவிர ஒட்டாது.

கசிவு இருந்தால் களிம்புக்கு முன் ஒரு வேலை இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டு, அதில் ஒன்றரை டீஸ்பூன் தூள் உப்பு கரையுங்கள். சுத்தமான மெல்லிய பருத்தித் துணியை, பழைய வேட்டித் துண்டு போதும், நனைத்துச் சொட்டாத அளவுக்குப் பிழிந்து, பத்துப் பதினைந்து நிமிடம் போட்டு எடுங்கள். நாளைக்கு இரண்டு மூன்று முறை. இரண்டொரு நாளில் கசிவு குறையும், பிறகு க்ரீம் பூசலாம். உப்பைக் கூடப் போட்டால் நல்லதென்று கைப்பிடி அள்ளிப் போடுபவர்கள் உண்டு. எரியும், தோலும் மேலும் வறளும்.

அளவு: விரல்நுனிக் கணக்கு

"கொஞ்சமாப் போடுங்க", "மெல்லிசாப் பூசுங்க" என்பதெல்லாம் அளவே இல்லை. உலகமெங்கும் தோல் டாக்டர்கள் பயன்படுத்துகிற கணக்கு ஒன்று இருக்கிறது. பெரியவரின் ஆள்காட்டி விரலை நீட்டுங்கள். நுனியிலிருந்து முதல் மடிப்புக் கோடு வரை டியூப்பிலிருந்து ஒரு கோடாகப் பிதுக்குங்கள். அதுதான் ஒரு விரல்நுனி. எடை சுமார் அரை கிராம். பெண்களின் விரலுக்குச் சற்றுக் குறையும். வாய் 5 மில்லிமீட்டர் அகலமுள்ள வழக்கமான டியூப்புக்கான கணக்கு இது. ஊசிமூக்கு டியூப்புக்குப் பொருந்தாது.

ஒரு விரல்நுனி மருந்து, பெரியவரின் இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு, விரல்களையும் சேர்த்து, போதும். கரப்பான் திட்டுத்திட்டாக இருந்தால் உங்கள் கையைப் பக்கத்தில் வைத்து அளந்து பாருங்கள். ஒரு கையளவுத் திட்டுக்கு அரை விரல்நுனி.

பெரியவருக்கு முழு உறுப்பும் பூச வேண்டியிருந்தால் ஒரு தடவைக்கு: முகமும் கழுத்தும் இரண்டரை, ஒரு கை மணிக்கட்டுக்குக் கீழ் இருபுறமும் ஒன்று, மணிக்கட்டிலிருந்து தோள்வரை மூன்று, ஒரு பாதம் இரண்டு, கணுக்காலுக்கு மேல் ஒரு கால் ஆறு, மார்பும் வயிறும் ஏழு, முதுகும் புட்டமும் ஏழு. ஒன்றிரண்டு வயதுக் குழந்தைக்கு, பெரியவர் விரலால்தான் அளக்க வேண்டும்: முகமும் கழுத்தும் ஒன்றரை, ஒரு கை முழுதும் ஒன்றரை, ஒரு கால் முழுதும் இரண்டு, முன்புறம் இரண்டு, முதுகும் புட்டமும் மூன்று.

இதை டியூப் கணக்காக்கிப் பார்த்தால்தான் தவறு எங்கே என்று தெரியும். சிமென்ட் வேலை செய்கிறவருக்கு இரண்டு கையிலும் கரப்பான், நாளைக்கு இரண்டு வேளை என்று வைத்துக்கொள்வோம். ஒரு வேளைக்கு இரண்டு விரல்நுனி, நாளைக்கு நான்கு, அதாவது 2 கிராம். 15 கிராம் டியூப் ஒரு வாரத்தில் தீர வேண்டும். அது ஒரு மாதம் வந்தால் நீங்கள் மருந்து போடவே இல்லை என்று அர்த்தம். மாறாக, உள்ளங்கை அளவுத் திட்டு ஒன்றுக்கு வாரம் ஒரு 15 கிராம் டியூப் தீர்கிறதென்றால் நான்கைந்து மடங்கு அதிகம் போகிறது. உச்ச வலு க்ளோபெட்டசாலுக்குப் பெரியவருக்கே வாரத்துக்கு 50 கிராம்தான் மேல் எல்லை, அதுவும் தொடர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் கூடாது.

பூசும் முறை

1. வெதுவெதுப்பான அல்லது பச்சைத் தண்ணீரில் ஐந்து, பத்து நிமிடத்துக்குள் குளியல். தேய்ப்பதற்கு நார், பீர்க்கங்கூடு, கல் எதுவும் வேண்டாம்.

2. பருத்தித் துண்டால் ஒற்றி எடுங்கள். இழுத்துத் துடைத்தால் அதுவும் ஒரு சொறிதல்தான்.

3. ஈரம் முழுதும் காய்வதற்குள், மூன்று நிமிடத்துக்குள், உடம்பு முழுதும் மாய்ஸ்சரைசர் (தோல் வறளாமல் காக்கும் பூச்சு).

4. இருபது முப்பது நிமிடம் பொறுத்து ஸ்டீராய்டு களிம்பு, கரப்பான் உள்ள இடத்தில் மட்டும். எதை முதலில் பூசுவது என்பதைவிட இரண்டுக்கும் இடைவெளி விடுவதுதான் முக்கியம். ஒன்றன்மேல் ஒன்றாக உடனே அப்பினால் மருந்து நீர்த்து, நல்ல தோலுக்கும் பரவும்.

5. விரல்நுனிக் கோட்டைப் புள்ளி புள்ளியாக வைத்து, முடி வளர்கிற திசையில் நீவிவிடுங்கள். எதிர்த்திசையில் அழுத்தித் தேய்த்தால் முடிக்குழி அடைத்துப் பொடிப்பொடியாகக் கொப்புளிக்கும். தோல் லேசாக மினுமினுக்க வேண்டும், வெள்ளையாக அப்பி நிற்கக் கூடாது.

6. கையைக் கழுவுங்கள், கையே நோயுள்ள இடமாக இல்லாவிட்டால். கழுவாத விரல் கண்ணுக்குப் போகும், குழந்தையின் வாய்க்கும் போகும்.

7. மேலே பிளாஸ்டிக் கவர், இறுக்கமான கட்டு வேண்டாம். மூடினால் மருந்து பல மடங்கு உள்ளே இறங்கும். டாக்டர் குறிப்பிட்டுச் சொன்னால் மட்டும். குழந்தைக்கு டயபர் கட்டுகிற இடமும் மூடிய இடம்தான் என்பது பலருக்குத் தோன்றாது.

வலுவான களிம்பு நாளைக்கு ஒரு வேளை போட்டாலே பெரும்பாலும் போதும், இரண்டு வேளை போட்டால் இரட்டிப்புப் பலன் வருவதில்லை. ராத்திரி வேளை வசதி: வியர்வை இல்லை, மண்வேலை இல்லை, அரிப்பு அதிகமாகிற நேரமும் அதுதான்.

எந்த இடத்துக்கு எது

உடம்பு முழுதும் தோல் ஒரே தடிமன் இல்லை. கண்ணிமை, முகம், அக்குள், தொடையிடுக்கு, விதைப்பை ஆகிய இடங்களில் மருந்து உள்ளங்கையைவிடப் பல மடங்கு உள்ளே போகும். ஆகவே முகத்துக்கும் மடிப்புக்கும் மென்மையான வகை, மூன்று முதல் ஏழு நாள். கை கால் உடம்புக்கு நடுத்தரம், ஒன்று இரண்டு வாரம். உள்ளங்கை, பாதம், தடித்துப்போன திட்டுகளுக்கு மட்டும் வலுவானது, அதுவும் டாக்டர் கண்பார்வையில். பாதத்துக்கு எழுதின டியூப்பை முகத்துக்குப் போடுவதுதான் வீடுகளில் நடக்கிற மிகப் பெரிய தவறு. டியூப் வாங்கிய அன்றே மார்க்கர் பேனாவால் அதன்மேல் "கால் மட்டும்" என்று எழுதி, தொடங்கிய தேதியையும் போட்டுவிடுங்கள்.

கண்ணைச் சுற்றித் தொடர்ந்து ஸ்டீராய்டு போட்டால் கண் அழுத்தம் கூடும், புரை விழும். அங்கேயும், முகத்தில் அடிக்கடி வருபவர்களுக்கும் டாக்டர்கள் டாக்ரோலிமஸ் எழுதுவார்கள். 2 முதல் 15 வயதுக்கு 0.03 சதவீதம், பெரியவருக்கு 0.1. இது ஸ்டீராய்டு இல்லை, தோலை மெலிய வைக்காது. முதல் சில நாள் சுறுசுறுவென்று எரியும், பிறகு அடங்கும். எரிகிறதே என்று இரண்டாம் நாளே தூக்கிப் போடுபவர்கள் அதிகம். பகலில் வெயில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மென்மையான வகையானாலும் டாக்டரைக் காட்டாமல் வேண்டாம். குழந்தையின் எடைக்குத் தோல் பரப்பு அதிகம். வலுவான களிம்பு நாள்கணக்கில் பூசப்பட்டால் மருந்து ரத்தத்தில் கலந்து, முகம் உப்பி, வளர்ச்சி தடைபடும். கர்ப்பிணிகள் மென்மையானதும் நடுத்தரமும் பூசலாம், வலுவானதை நிறையப் பயன்படுத்தினால் குழந்தையின் எடை குறைய வாய்ப்புண்டு. பால் கொடுக்கிற தாய்மார் மார்புக் காம்பில் பூசவே வேண்டியிருந்தால் பால் கொடுத்த பிறகு பூசி, அடுத்த வேளைக்குமுன் துடைத்துவிட வேண்டும்.

எப்போது நிறுத்துவது

அரிப்பு நின்ற அன்றே நிறுத்தினால் நாலாம் நாள் திரும்ப வரும். தடவிப் பார்த்தால் சொரசொரப்பு போய்த் தோல் வழுவழுப்பாகும்வரை போட்டு, அதோடு இன்னும் இரண்டு நாள் போட்டு நிறுத்துங்கள். கறுப்புத் தழும்பு மட்டும் மிச்சமிருக்கும். அது நோய் இல்லை, ஆறிய அடையாளம். தானாக மங்கப் பல மாதம் ஆகும். "இன்னும் கறுப்பாத்தான் இருக்கு" என்று ஸ்டீராய்டைத் தொடர்வதால்தான் நம் நிறத்தவர்களுக்குத் தோல் அதிகம் கெடுகிறது.

வலுவானதை இரண்டு வாரம் போட்டவர்கள் சட்டென்று விடாமல் ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு வாரம் இரண்டு நாள் என்று குறைத்து நிறுத்தலாம். ஒரே இடத்தில் மாதாமாதம் வருகிறவர்களுக்கு, தோல் தெளிந்த பிறகும் சனி, ஞாயிறு மட்டும் பூசச் சொல்லி டாக்டர்கள் எழுதுவதுண்டு. மொத்தத்தில் மருந்து குறைவாகவே செலவாகும். இரண்டு வாரத்தில் கொஞ்சமும் குறையாவிட்டால் மூன்றாவது வாரம் தொடராதீர்கள். நோய் வேறாக இருக்கலாம், களிம்பே அலர்ஜியாகியிருக்கலாம்.

மாதக்கணக்கில் முகத்தில் போட்டு நிறுத்தியவர்களுக்கு முகம் நெருப்பாக எரிந்து சிவக்கும், பொடிப்பருக்கள் கிளம்பும். அதை அடக்க மறுபடி அதே டியூப்பைத் தேடுவதுதான் சுழல். அந்த நிலையில் தோல் டாக்டரிடம் போவது தவிர வேறு வழியில்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் காட்டலாம். பழைய டியூப்பை, காலியானாலும், கையோடு எடுத்துப் போங்கள்.

தண்ணீர், சோப்பு, எண்ணெய்

களிம்பு எரிகிற நெருப்பை அணைக்கும். மறுபடி பற்றாமல் பார்ப்பது மாய்ஸ்சரைசர். வாசனை சேர்க்காத, வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லி போன்ற எளிய பொருளே போதும், விலை உயர்ந்த பாட்டில் தேவையில்லை. பெரியவருக்கு உடம்பு முழுதும் வறட்சி என்றால் வாரம் கால் கிலோவிலிருந்து அரைக் கிலோ வரை செலவாகும். இதைக் கேட்டுத் திகைப்பவர்கள்தான் அதிகம், கண்ணாடி முன்னால் தொட்டுக்கொள்கிற அளவைத்தான் நாம் க்ரீம் போடுவது என்கிறோம். தேங்காய் எண்ணெய் நன்றாகவே வேலை செய்யும். கடுகெண்ணெய், ஆலிவ் எண்ணெய் கரப்பான் தோலுக்கு ஆகாது.

தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் போர்த் தண்ணீர் பல இடங்களில் கடினம். சோப்பு நுரைக்காது, குளித்தபின் தோலில் பிசுக்கென்று ஒரு படலம் நிற்கும். அந்தப் படலமே அரிப்பைக் கிளப்பும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரோ மழைநீரோ இருந்தால் கடைசிச் செம்பு அதில் ஊற்றிக்கொள்வது நல்லது. சோப்புக்கட்டிக்குப் பதில் காரமில்லாத சின்டெட் கட்டி (சோப்பு சேராத செயற்கைச் சுத்தப்பொருளில் செய்த குளியல் கட்டி) வாங்கலாம். கடலைமாவு, பாசிப்பயறு, சிகைக்காய்த் தூள் போட்டுத் தேய்ப்பதைக் கரப்பான் ஆறும்வரை நிறுத்துங்கள்.

ஒரு எச்சரிக்கை. பெட்ரோலியம் ஜெல்லி, பாராஃபின் ஊறிய துணி சுலபமாகத் தீப்பிடிக்கும், துவைத்தாலும் முழுதும் போகாது. விறகடுப்பு முன்னாலும் கேஸ் முன்னாலும் வேலை செய்பவர்கள், பீடி பிடிப்பவர்கள் அந்தத் துணியோடு நெருப்புப் பக்கம் போகக் கூடாது.

அரிப்பு தாங்காதபோது சொறிவதற்குப் பதில் குளிர்ந்த ஈரத்துணியை ஐந்து நிமிடம் போடுங்கள். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். காலமைன் லோஷன் பூச்சிக்கடிக்கு இதம், ஆனால் அது உலர்த்தும் மருந்து, வறண்ட கரப்பானை இன்னும் வறட்டும். எலுமிச்சை, மண்ணெண்ணெய், டூத்பேஸ்ட், பேட்டரித் தண்ணீர் எதுவும் வேண்டாம், கடைசியாகச் சொன்னது அமிலம். உணவைப் பொறுத்தவரை, "கரப்பான் பண்டம்" என்று கத்திரிக்காய், கருவாடு, முட்டை எல்லாவற்றையும் நிறுத்தி, வளர்கிற பிள்ளையை இளைக்க வைக்காதீர்கள். சாப்பிட்டதும் ஒவ்வொரு முறையும் கிளம்புகிற ஒன்று இருந்தால் அதைக் குறித்துவைத்து டாக்டரிடம் சொல்லுங்கள்.

தாமதிக்காமல் ஓட வேண்டியவை

தேன் நிறத்தில் பொருக்கு, சீழ், சுற்றிலும் சூடு, நெறி கட்டுதல் இருந்தால் கிருமி தொற்றியிருக்கிறது, ஸ்டீராய்டு மட்டும் போதாது. ஒரே அளவுள்ள சின்னச் சின்னக் குழிப்புண்கள் திடீரென்று கொத்தாகக் கிளம்பி, வலியும் காய்ச்சலும் வந்தால் அது கரப்பான்மேல் பரவும் ஹெர்ப்பிஸ் வைரஸாக இருக்கலாம், குழந்தைக்கு அன்றே ஆஸ்பத்திரி. உடம்பில் பெரும்பகுதி சிவந்து செதில் உதிர்ந்து குளிர் நடுக்கம் வந்தாலும் அப்படியே. முகம் உதடு வீங்கி மூச்சு முட்டினால் 108.

இந்த மண்ணுக்கே உரிய காரணங்கள்

மருந்து போட்டு ஆறி, நிறுத்தினதும் வருகிறதென்றால் தோலுக்கு வெளியே ஏதோ ஒன்று தொடர்ந்து பட்டுக்கொண்டிருக்கிறது. இங்கே முதல் சந்தேகம் பார்த்தீனியம். 1950களில் பூனா பக்கம் தலைகாட்டிய களை, இன்று மழை பெய்த இரண்டாம் வாரம் ரோட்டோரம், தரிசு எங்கும் வெள்ளைப்பூவாக நிற்கிறது. அதன் தூளும் காய்ந்த துணுக்கும் காற்றில் வந்து முகம், கழுத்து, முழங்கை மடிப்பில் கரப்பானைக் கொண்டுவரும். வெயில் அலர்ஜி என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். பிரித்தறிய ஒரு வழி: கண்ணிமை, காதின் பின்புறம், தாடைக்குக் கீழே என வெயில் படாத நிழலிடங்களிலும் இருந்தால் காற்றில் வருவதாக இருக்க வாய்ப்பு அதிகம். செடியைப் பூக்கும் முன் கையுறையோடு பிடுங்க வேண்டும், கரப்பான் உள்ளவர் அந்த வேலைக்கே போகக் கூடாது. சாமந்தியும் அதே குடும்பம். ராயக்கோட்டை, தேன்கனிக்கோட்டைப் பக்கம் பூப்பறிப்பவர்களுக்குப் பார்த்தீனிய ஒவ்வாமை இருந்தால் சாமந்தியும் கையைப் பதம் பார்க்கும், முழுக்கைச் சட்டையும் கையுறையும் கட்டாயம்.

மாங்காய் சீசனில் காம்பு ஒடிக்கும்போது பீறிடுகிற பால் பட்டால் தோல் பொத்துக் கறுக்கும், அலர்ஜி உள்ளவருக்கு நாள் கழித்துக் கொப்புளிக்கும். பறிக்கப் போகுமுன் மணிக்கட்டு, முன்கையில் தேங்காய் எண்ணெய், பட்டவுடன் சோப்புத் தண்ணீர். சிமென்டில் உள்ள குரோமியம் கொத்தனார் கைக் கரப்பானுக்குக் காரணம். வெறும் ரப்பர் கையுறைக்குள் வியர்த்தால் இன்னும் மோசமாகும், உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை போட்டு மேலே ரப்பர். ஓசூர் பக்கம் மார்கழி, தைக் குளிரில் தோல் வறண்டு வெடிக்கும். கம்பளி ஸ்வெட்டர் நேரே தோலில் படாமல் உள்ளே பருத்திச் சட்டை போடுங்கள், அந்த இரண்டு மாதமும் மாய்ஸ்சரைசரை க்ரீமிலிருந்து ஆயின்மென்டுக்கு மாற்றுங்கள்.

டியூப்பைப் பைக் பெட்டியிலோ, தகரக் கூரைக்கடியிலோ வைத்தால் சித்திரை வெயிலில் எண்ணெய் தனியாக, மருந்து தனியாகப் பிரிந்துவிடும். அப்படிப் பிரிந்ததும், நிறம், வாசனை மாறியதும், காலாவதியானதும் குப்பைக்கு. மிச்சம் நன்றாகவே இருந்தாலும் அடுத்த தடவை வேறு இடத்தில் அரிக்கிறதென்று அதையே எடுக்கும்முன், மார்க்கரில் எழுதிவைத்ததை ஒருமுறை படித்துவிடுங்கள்.